அக்கரை எப்போது வெளிநாடு ஆனது?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "வெளிநாடு போட்டார்" எண்டு கேள்விப்பட்டால் நாங்கள் கனடாவையோ லண்டனையோ சுவிஸையோதான் நினைப்போம். இந்தியாவுக்குப் போனவரைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. "இந்தியாவுக்குப் போட்டு வந்தவை" என்பதோடு கதை முடிந்துவிடும். கலியாணத்துக்கு உடுப்பு எடுக்க, கண் காட்ட, கோயில் கும்பிடப் போய்வருகிற இடம் அது. ஆனால் போவதற்குப் பாஸ்போட் வேண்டும், விசா வேண்டும், காங்கேசன்துறையில் வரிசையில் நின்று முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். சட்டத்துக்கு அது முழு வெளிநாடு.

எங்கட வாயில் வருகிற சொல்லுக்கும் பாஸ்போட்டில் விழுகிற முத்திரைக்கும் இடையில் ஒரு வித்தியாசம் இருக்கிறதல்லவா, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பாடப் புத்தகத்தில் அது ஒரு தலைப்பாக இல்லை. அம்மாவோடு சிதம்பரத்தில் மெதுவாகக் கழித்த ஒரு நாளுக்குப் பிறகுதான் அதைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம். அந்த நாளைப் பற்றிச் சொல்ல முதல் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐம்பத்தைந்து கிலோமீற்றர்

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காங்கேசன்துறையிலிருந்து நேரே கோடிக்கரைக்குக் கோடு இழுத்தால் ஏறக்குறைய 55 கிலோமீற்றர். கொழும்புக்கு வீதியால் போனால் 400 கிலோமீற்றருக்குக் கிட்ட. ரயிலும் தார் வீதியும் வராத காலத்தில் ஒரு யாழ்ப்பாணத்தவருக்கு எது பக்கத்து ஊராக இருந்திருக்கும் என்று தனியே சொல்லத் தேவையில்லை. காட்டுக்குள்ளால் பல நாள் நடந்து தெற்கே போவதைவிட, காற்றைப் பார்த்துப் பாய் விரித்து வடக்கே போவது லேசு.

அரசியலும் அப்படித்தான் நடந்தது. போர்த்துக்கேயருக்கு எதிராக நின்ற யாழ்ப்பாண அரசன் சங்கிலி குமாரனுக்குப் படை உதவி வந்தது தஞ்சாவூர் நாயக்கரிடமிருந்து. 1619இல் அரசு வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் பிடித்த கையோடு நாகபட்டினத்தையும் பிடித்தார்கள். இரண்டு கரையும் ஒரே வருடத்தில், ஒரே படையெடுப்பில், ஒரே கம்பனியின் கைக்குப் போயின. ஆங்கிலேயர் வந்த பிறகு 1796 முதல் 1798 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டது சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனி. பிடித்தவர்களின் கண்ணுக்குக்கூட இது ஒரே கடலின் இரண்டு ஓரம்.

இந்தக் கடலில் ஓடிய கப்பல்கள் எங்கட ஊர்களிலேயே கட்டப்பட்டவை. வல்வெட்டித்துறையில் கட்டிய "அன்னபூரணி" என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் ஓடிப் போய்ச் சேர்ந்தது. அத்லாந்திக் சமுத்திரத்தையே தாண்டக்கூடிய கப்பலைக் கட்டிய ஊருக்கு வேதாரணியம் ஒரு தூரமா?

குளம் வெட்டியவர், பள்ளிக்கூடம் கட்டியவர்

எங்கட பல்கலைக்கழகம் இருப்பது திருநெல்வேலியில். கலைப்பீடத்துக்குப் போகிற வழியில் நாங்கள் தினமும் கடக்கிற இந்த ஊரில், போர்த்துக்கேயர் காலத்தில் ஞானப்பிரகாசர் என்றொருவர் இருந்தார். பறங்கி அதிகாரிகளின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பசு கொடுக்கவேண்டியிருந்ததாம். தன் முறை வருவதற்கு முதல் நாள் இரவே அவர் ஊரைவிட்டுக் கடல் கடந்துவிட்டார் என்று மரபுக்கதை சொல்கிறது. அக்கரையில் அவர் துறவியானார். சிவஞான சித்தியாருக்கு உரை எழுதினார். சிதம்பரத்தில் ஒரு குளம் வெட்டினார். அந்தக் குளத்துக்கு இண்டைக்கும் ஞானப்பிரகாசர் குளம் என்றுதான் பெயர்.

இருநூறு வருடத்துக்கு மேல் கழித்து அதே வழியால் ஆறுமுக நாவலர் போனார். 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போன பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு "நாவலர்" என்ற பட்டத்தைக் கொடுத்தது. நாங்கள் பெயராகவே சொல்லிப் பழகிய சொல் அக்கரையிலிருந்து வந்தது. 1864இல் அவர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வண்ணார்பண்ணையில் ஏற்கெனவே நடத்திய பள்ளிக்கூடத்தின் அதே பெயர்.

சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்தவர். அவரும் அவருடைய ஆசிரியர் கறோல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை அங்கேயே தொழில் பார்த்து, ஏடு தேடி, 1887இல் கலித்தொகையை அச்சிலே கொண்டுவந்தார். பிறகு வந்தவர்களில் விபுலாநந்த அடிகள் சிதம்பரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். தனிநாயகம் அடிகள் 1940களில் அதே இடத்தில் தமிழ் படித்தார். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் வந்தது 1974இல்தான். அதற்கு முதல் தமிழை மேலே படிக்க விரும்பியவர்களில் பலர் கடலைத் தாண்டினார்கள்.

அம்மாவின் வேகத்தில் ஒரு நாள்

இதெல்லாம் நூலகத்தில் கிடைக்கிற விஷயங்கள். நூலகத்தில் கிடைக்காத பகுதி அம்மாவிடம் இருந்தது.

எங்கட வீட்டுக் கணக்கு இப்படி: பூட்டி ஆனி உத்தரத்துக்குப் பாய்க்கப்பலில் சிதம்பரம் போனவா. அம்மம்மா 1950களில் தலைமன்னாரால் கப்பல் ஏறிப் போனவா. 1968இல் பிறந்த அம்மா போகவே இல்லை. மூன்று தலைமுறையில் கடைசி ஆள் அங்கே போகாததுக்கு ஆசையில்லாமை காரணமில்லை. போகக்கூடிய வயதில் கடல் பூட்டியிருந்தது.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு அம்மாவும் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஏறக்குறைய 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம் அளவில். நாகபட்டினத்தில் இறங்கி வெளியில் வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, போர்டுகளை வாசித்தது. மருந்துக்கடை, சைக்கிள் கடை, வங்கி, பொலிஸ் ஸ்ரேசன், எல்லாவற்றையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தா. கொழும்பில் அம்மாவுக்கு ஓர் அலுவலகத்தின் பெயரை வாசிக்கவே யாராவது துணை வேண்டும்.

"வெளிநாடு எண்டு சொல்லி முத்திரை குத்திவிட்டாங்கள். ஆனா எல்லாம் விளங்குது, பிள்ளை" எண்டா.

அடுத்த நாள் காலமை சிதம்பரத்துக்குப் பஸ். காரைக்கால், தரங்கம்பாடி, சீர்காழி. எங்களுக்கு அவை கூகுள் மப்பில் வருகிற பெயர்கள். அம்மாவுக்கு அவை ஐந்தாம் வகுப்புச் சைவசமயப் புத்தகம். சம்பந்தர் பால் குடித்த சீர்காழியில் சனம் மரக்கறிக் கூடையோடு ஏறி இறங்குவதை அம்மா யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தா. "இது உண்மையா இருக்கிற ஊரே!" என்று ஒருக்கால் கேட்டா. நாங்கள் சிரித்தோம். பேந்து யோசித்தால் அது நல்ல கேள்வி. ஒரு தலைமுறைக்கே இந்த ஊர்கள் தேவாரத்துக்குள் மட்டும் இருந்திருக்கின்றன.

அம்மாவுக்கு முழங்கால் நோ. அதனால் எங்கட திட்டத்தில் இருந்த அரைவாசி இடத்துக்குப் போக முடியவில்லை. பிச்சாவரம் இல்லை, கங்கைகொண்ட சோழபுரம் இல்லை. ஒரு கோயில், நாலு வீதி, ஒரு குளம், ஒரு பள்ளிக்கூடம். அவ்வளவுதான் முழு நாளும். மத்தியானம் நடை சாத்திவிட்டார்கள். பின்னேரம் திறக்கும்வரை மண்டப நிழலில் இருந்தோம். அந்த மூன்று நாலு மணித்தியாலத்தில் அம்மா சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

பூட்டி எப்படிப் போனவா என்று சொன்னா. வீட்டிலிருந்து அரிசி, ஊறுகாய், பினாட்டு கட்டிக்கொண்டு, நல்ல காற்றுக்காகத் துறையில் இரண்டு நாள் காத்திருந்து, காற்று வாய்த்ததும் ஒரு இரவில் வேதாரணியம். அங்கேயிருந்து வண்டில். சிதம்பரத்தில் யாழ்ப்பாணத்தார் நடத்திய மடத்தில் தங்கல். ஊர்ப் பெயரைச் சொன்னால் பாய் போட்டுத் தருவார்களாம். அம்மம்மா சிதம்பரத்தால் ஒரு பித்தளைச் செம்பு கொண்டுவந்தவா. 1995 இடப்பெயர்வில் வீட்டோடு அதுவும் போய்விட்டது. இப்போது அந்தப் பயணங்களுக்கு எங்கட வீட்டில் இருக்கிற ஒரே ஆவணம் அம்மாவின் ஞாபகம்.

"ஈழத்துச் சிதம்பரம் பாத்திட்டன். மற்றதையும் பாக்கவேணும் எண்டு நினைச்சன்" என்றும் சொன்னா. காரைநகர்ச் சிவன் கோயிலைத்தான் சொல்கிறா. மார்கழித் திருவாதிரைக்குச் சனம் கூடுகிற அந்தக் கோயிலுக்கு ஈழத்துச் சிதம்பரம் என்று பெயர். வண்ணார்பண்ணையில் வைத்தீஸ்வரன் கோயில் இருக்கிறது. போக முடியாதவர்களுக்காக அக்கரையைப் பெயரோடு இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மா மாதிரிக் கனபேர் நகலை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள்.

ஞானப்பிரகாசர் குளத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம். பக்கத்தில் ரீ கடை வைத்திருந்த ஐயா எங்கட கதையைக் கேட்டுவிட்டு, "சிலோனா நீங்க?" என்று கேட்டார். "பிளேன்ரீ" என்ற சொல் அவருக்குப் பிடிபடவில்லை. "இந்தக் குளத்தை வெட்டினவர் எங்கட ஊர்" என்று அம்மா சொன்னா. ஐயா சிரித்தார், நம்பினாரோ தெரியாது. போர்டெல்லாம் வாசிக்க முடிந்த ஊரில்தான் வாயைத் திறந்தவுடன் நாங்கள் வெளியாட்கள் ஆனோம். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

யாருடைய அக்கரை?

இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்தினால் அது ஒரு பெருமைக் கட்டுரையாகிவிடும். சிதம்பரம் எல்லாருக்கும் பக்கத்து ஊராக இருக்கவில்லை.

நூல்களில் பெயர் வருகிற பயணிகள் பெரும்பாலும் நிலமுள்ள, படித்த, உயர்த்தப்பட்ட சாதி ஆண்கள். மடத்தில் பாய் கிடைத்தது ஊர்ப் பெயருக்கு மட்டுமா, சாதிப் பெயருக்குமா என்று கேட்க வேண்டும். சிதம்பரம் நந்தனார் கதையின் ஊர். சென்னை மாகாணத்தில் எல்லாச் சாதியாருக்கும் கோயிலைத் திறந்துவிடும் சட்டம் வந்தது 1947இல். இங்கே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957இல். அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருக் கோயிலுக்குள்ளேயே போக முடியாதவருக்கு 55 கிலோமீற்றர் என்ற கணக்கு எதுக்கு? நாவலர் இரண்டு கரையிலும் பள்ளிக்கூடம் கட்டினார். அந்தச் சைவ மறுமலர்ச்சி இரண்டு கரையிலும் சாதி ஒழுங்கைத் தொடவில்லை, காப்பாற்றியது.

யாத்திரிகர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த கடலோடிகளின் பெயர்களும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. குளம் வெட்டியவர் ஞானப்பிரகாசர் என்று படிக்கிறோம். மண் சுமந்தவர்கள் யார்?

வெளிநாடு ஆன விதம்

இனித் தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கின. சென்னையில் ரயில் ஏறி, கப்பல் மாறி, மறுபடி ரயில் ஏறிக் கொழும்புக்கு வரலாம். "போட் மெயில்" என்று பெயர். பயணம் இலகுவானது உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் இது ஒரு சுத்துப் பாதை. ரயிலில் தெற்கே மதவாச்சி வரை இறங்கி, அங்கே மாறித் தலைமன்னாருக்கு ஏற வேண்டும். துறைமுகங்கள் வீட்டு வாசலில் இருக்க, பிரதான வழி கொழும்பை மையமாக வைத்துத் திரும்பிவிட்டது. அந்த வழி முக்கியமாகத் தோட்டத்துக்குத் தொழிலாளரைக் கொண்டுவரும் வழி. அவர்களுக்கு அது சுற்றுலா இல்லை. மண்டபம் முகாமில் தடுத்துவைத்து நோய் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள்.

1948இல் இரண்டு சட்டங்கள் வந்தன. குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையானவர்களை நாடற்றவர் ஆக்கியது. குடிவரவு குடியகல்வுச் சட்டம் இந்தக் கடலைக் கடக்கப் பத்திரம் கேட்டது. எங்கட கேள்விக்கு ஒரே ஒரு வருடத்தைப் பதிலாகச் சொல்லச் சொன்னால் நாங்கள் 1948 என்றுதான் சொல்லுவோம். அதற்குப் பிறகும் வல்வெட்டித்துறைக் கப்பல்கள் ஓடின. சேலையும் சாமானும் வந்தன. ஆனால் முதல் நாள் வரை வியாபாரம் என்று இருந்ததுக்கு இப்போது கடத்தல் என்று பெயர்.

பகையில்லாத காலத்திலேயே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. போக்குவரத்து கூடிக்கொண்டிருந்த அதே நேரம் கடதாசியும் கூடிக்கொண்டிருந்தது.

1964 ஒக்ரோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு அரசும் பேசி முடித்தன. பார்த்தே இராத ஒரு ஊரைச் "சொந்த நாடு" என்று சொல்லிக் கப்பலேற்றப்பட்ட மலையகச் சனத்துக்கு இந்த வரலாறு தலைகீழாக நடந்தது. அதே வருடம் டிசம்பர் 22ஆந் திகதி இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி, போர் தொடங்கியபிறகு 1980களில் முழுதாக நின்றது.

1974இல் கடலுக்குள்ளேயே எல்லைக்கோடு கீறப்பட்டது. 1983 யூலைக்குப் பிறகு அந்தக் கோட்டைத் தாண்டினவர்கள் யாத்திரிகர்கள் இல்லை, அகதிகள். தொழிலாளரை நோய் பார்க்கத் தடுத்த அதே மண்டபம், இந்த முறை அகதி முகாம். எங்கட பெரிய மாமா 1990இல் வள்ளத்தில் போய் இறங்கியவர். பல வருடம் முகாமில் இருந்தார். சிதம்பரம் பார்த்தீங்களோ என்று கேட்டால், "ஆள்கணக்கு எடுக்கிற நேரத்துக்கு உள்ள நிக்கவேணும், எங்க கோயில் பாக்கிறது" என்பார். பூட்டிக்கு அது சாமி இருக்கிற ஊர், மாமாவுக்குக் கணக்கெடுப்பு, அம்மாவுக்குப் பாடப் புத்தகம். ஒரே வீட்டுக்குள் மூன்று அக்கரை.

இப்போது

2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் தொடங்கியது. கொரோனாவோடு நின்று 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. 2023 ஒக்ரோபர் 14இல் நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கி ஒருசில நாளிலேயே மாரிக் காலநிலையைச் சொல்லி நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்ற்றில் "சிவகங்கை" என்ற கப்பலோடு திரும்பவும் ஓடத் தொடங்கியது. காற்றுக்காகத் துறையில் காத்திருந்த பூட்டிக்கு இந்தச் செய்தி புதினமாக இருந்திராது. இயந்திரக் கப்பலையும் வாடைக்காற்று நிறுத்துகிறது.

வழி திறந்ததால் உறவு பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. இண்டைக்கு வடக்கின் மீனவக் குடும்பங்களுக்கு அக்கரை என்றால் இழுவைமடிப் படகு. இலங்கையில் அந்தத் தொழில் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் இரவில் தமிழ்நாட்டுப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகின்றன என்று மாதகல், மயிலிட்டிப் பக்கத்துச் சனம் சொல்லுகிறார்கள். அவர்களிடம் போய்த் தொப்புள்கொடி உறவு என்று மேடைத் தமிழில் பேசுவது அநியாயம்.

ஆனாலும் ஒரு விஷயம் இன்னும் மிச்சம் இருக்கிறது. 1974 ஒப்பந்தம் கச்சதீவை இலங்கைக்குக் கொடுத்தபோது, இந்திய மீனவரும் யாத்திரிகரும் அங்கே வந்துபோகப் பயணப் பத்திரமோ விசாவோ தேவையில்லை என்று ஒரு பிரிவில் எழுதிவைத்தது. குடிக்கத் தண்ணியில்லாத அந்தத் தீவில் வருடத்தில் ஒருமுறை அந்தோனியார் திருவிழாவுக்கு இரண்டு கரைச் சனமும் கூடுகிறார்கள். எல்லையைக் கீறியவர்களே அதில் ஒரு கதவை விடவேண்டி வந்தது. சனத்தின் பழைய வழி அவ்வளவு பலமாக இருந்திருக்கிறது.

எங்கட தலைமுறைக்கு அக்கரை என்றால் சினிமாவும் யூரியூப்பும். அங்கத்தைய நடிகரின் பிறந்தநாள் தெரியும். எங்கட பூட்டி எந்தத் துறையில் ஏறி எந்தத் துறையில் இறங்கினவா என்று தெரியாது. அந்தப் பயணங்களில் கனக்கவற்றுக்குப் பதிவே இல்லை. இருந்த கொஞ்சமும் எரிந்தது, இடப்பெயர்வில் தொலைந்தது. அவை இன்னும் ஐம்பது அறுபது வயதுக்காரரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கின்றன, அதுவும் கேள்விப்பட்ட கதையாக.

ஆகவே, இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு சின்ன வேலை கேட்கிறோம். உங்கட வீட்டில் யார் கடைசியாகக் கப்பலில் போனவர்? எந்தத் துறை, எந்த மாதம், எங்கே தங்கினவை, என்ன கொண்டுவந்தவை? போகவிடாமல் தடுக்கப்பட்டவர்கள் யார்? வீட்டில் கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள், திகதி போட்டு எழுதி வையுங்கள். பெற்றோரோடு எங்கேயாவது சுத்திப் பார்க்கப் போகக் கிடைத்தால் திட்டத்தில் அரைவாசி இடத்தை வெட்டிவிட்டு அவர்களின் வேகத்துக்கு நடவுங்கள். எங்கட பாடத்திட்டத்தில் இல்லாத வரலாற்றுப் பாடம் அவர்கள் களைச்சு இருக்கிற இடத்தில்தான் தொடங்குகிறது.